ஹாட்டிஷ் போன இடமெல்லாம்

உறைந்த ஏரியின் மேல் வண்டி ஓட்டும்போது வெண்டெல் ஆஸ்ட்பி எப்போதும் ஜன்னலைத் திறந்தே வைத்திருப்பார். ஐஸ் உடைந்தால் குதிக்க வழி வேண்டும். டாமராக் ஏரியின் ஐஸ் லாரியையே தாங்கும் என்று கரையில் போர்டு வைத்திருந்தார்கள். வைத்தவன் எவன் என்று வெண்டெலுக்குத் தெரியாது. தெரியாதவன் பேச்சை அவர் கேட்பதில்லை.

பக்கத்து சீட்டில் ட்ரூடி ஸப்ராக்கி கண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கம்பளியால் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். பின்னால் எந்தப் பிள்ளை பொய் சொல்கிறது என்று கண்ணாடியைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அந்தக் கண்ணுக்காகத்தான் வெண்டெல் அவளை உதவியாளராக வைத்துக்கொண்டார். வாயும் கூடவே வந்துவிட்டது.

"பாஸ், ஐஸ் உடையறதுக்குள்ள நான் விறைச்சுப் போயிடுவேன். அப்புறம் யார் கொன்னதுன்னு நீங்களே துப்பறியணும். ரொம்ப தூரம் போக வேண்டியிருக்காது."

வெண்டெல் ஜன்னலை ஏற்றவில்லை.

துப்பறிய வருவதற்கு முன் அவர் ஊரில் பனி தள்ளும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். விடிவதற்கு முன் எல்லா வீதியிலும் போகிற வேலை. யார் வீட்டு வாசலில் யார் வண்டி நின்றது என்பது அவருக்குத் தெரியும். ஒருவரிடமும் சொன்னதில்லை. அதனாலேயே ஊர்க்காரர்கள் ரகசியம் என்றால் அவரிடம் வந்தார்கள். ஊர் அவரை நம்பியது. அவர் ஊரை நம்பவில்லை. செல்போன் வாங்கவில்லை. டிவியின் நெற்றியில் கேமரா இருக்குமோ என்று டேப் ஒட்டியிருந்தார். பாங்க் கார்டை அலுமினியத் தாளில் சுற்றிப் பையில் வைத்திருந்தார். கடையில் அதைப் பிரிக்கும்போதெல்லாம் ட்ரூடி, ஊறுகாய் இருக்கா பாஸ் என்று கேட்பாள்.

ஒரே ஒரு விஷயம்தான் அவருக்குப் பிடிபடவில்லை. டாக்டர் சர்க்கரையை நிறுத்தச் சொன்ன பிறகு, எப்போதாவது நழுவி நார்மா கடைக்குப் போய் ஆப்பிள் பை ஒரு துண்டு வாங்கி உட்கார்ந்தால், இரண்டாவது கரண்டி வாய்க்குப் போவதற்குள் ட்ரூடி மேஜை ஓரம் நிற்பாள். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டால் மூக்கைத் தொட்டுக் காட்டுவாள். ஒரு மூக்குக்கு அவ்வளவு திறமை இருக்க முடியாது என்று வெண்டெலுக்குத் தோன்றும். ஆனால் சாட்சி கிடையாது.

இன்றைய கேஸ் ஆர்வில் ஹெம்ஸ்டாடுடையது. முந்தின நாள் ஆபீஸுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டுப் பேசினார் ஆர்வில். ஐஸில் ஓட்டை போட்டுத் தூண்டில் விடுவதில் ஏரியிலேயே பேர்பெற்ற மீன்காரர். குளிர்காலம் முழுக்க ஊரில் பாதிப்பேருக்கு அவர் தருகிற பெர்ச் மீன்தான். சறுக்குக் கட்டை பூட்டிய தன் மரக்குடிலை ஏரியில் இஷ்டப்பட்ட இடத்துக்கு இழுத்துப் போய், கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்காருவார். இந்த வருஷம் அது நடக்கவில்லை. எங்கே இழுத்துப் போனாலும் மறுநாள் காலையில் சுற்றிலும் குடில்கள் முளைத்திருக்கின்றன. கிழக்கே போனால் கிழக்கே வருகிறார்கள். நாணல் மறைவுக்குப் போனால் அங்கேயும் வருகிறார்கள். அவரிடமும் செல்போன் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. போகிற இடத்தை மனைவியிடம்கூடச் சொல்வதில்லை.

சனிக்கிழமை ஊர் மீன்பிடிப் போட்டி. ஏரி பூராவும் ஆள் இருக்கும். எவனாவது கதவைத் தட்டி உள்ளே எட்டிப் பார்ப்பான். அதற்குள் உளவு சொல்கிறவனைப் பிடித்துக் கொடு, இல்லாவிட்டால் குடிலை நானே கொளுத்திவிடுவேன் என்று ஆர்வில் சொல்லும்போது அவர் உதடு நடுங்கியது. மீனைப் பறிகொடுத்தவனுக்குக் கோபம் வரும், இவர் ஏன் பயப்படுகிறார் என்று வெண்டெல் அப்போதே மனதில் குறித்துக்கொண்டார்.

குடில் கண்ணுக்குத் தெரிந்தது. சுற்றிலும் வட்டமாக எட்டு ஒன்பது குடில்கள், கல்யாணப் பெண்ணைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி. வண்டிச் சத்தம் கேட்டு ஆர்வில் வெளியே வந்தார். கதவைத் தமக்குப் பின்னால் இழுத்துச் சாத்திவிட்டுத்தான் பேச்சையே தொடங்கினார்.

ட்ரூடி உள்ளே கொஞ்சம் குளிர்காயலாமா என்று கேட்டாள். அடுப்பு ரிப்பேர் என்றார் ஆர்வில். அவர் தலைக்கு மேலே புகைபோக்கி குபுகுபுவென்று புகைந்துகொண்டிருந்தது. வெண்டெல் புகையைப் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார். ஆர்வில் காலில் பூட்ஸ் இல்லை, வீட்டுக்குள் போடும் பஞ்சுச் செருப்பு இருந்தது. குதிகால் வெந்நீரில் நெடுநேரம் ஊறியது போலச் சிவந்து சுருங்கியிருந்தது. சுவரில் சாய்த்து வைத்திருந்த ஐஸ் டிரில்லையும் பார்த்தார். அலகின் மேல் கடையில் போட்டுத் தரும் பிளாஸ்டிக் மூடி அப்படியே இருந்தது. அதன் மேல் வெயிலில் வெளுத்துப்போன விலைச்சீட்டு.

வெண்டெல் இதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பைகளைக் காலி செய்யச் சொன்னார். பேனாக்கத்தி, கைக்குட்டை, மூன்று புதினா மிட்டாய். உளவுச் சாமான் எதுவும் இல்லை. வாசல் பலகையின் மேல், கோழிப் படம் போட்ட மெத்தைத் துணி உறைக்குள் மதியச் சாப்பாடு ஆவி விட்டுக்கொண்டிருந்தது. கறியும் காளான் குழம்பும் போட்டு, மேலே உருளைக்கிழங்கு உருண்டைகளை அடுக்கி, அவர் மனைவி மார்லிஸ் அடுப்பில் வேகவைத்த ஹாட்டிஷ். வாசனை பிடித்துவிட்டு ட்ரூடி, இதைத் தேடித்தான் எல்லாரும் வருகிறார்களோ என்றாள். ஆர்வில் சிரிக்கவில்லை.

"எவனும் வராத நாள்னு ஒண்ணாவது உண்டா?" என்று கேட்டார் வெண்டெல்.

"திங்கக்கிழமை. இதே இடம்தான். ஒரு பய வரல. இந்த வருஷத்துலயே அதுதாய்யா நல்ல நாள்."

"மீன் நிறைய மாட்டிச்சோ?"

"எது?" என்றார் ஆர்வில். "ஆங், மீன். நிறைய."

அடுத்த குடிலில் லைல் புரூயட் கவிழ்த்த பிளாஸ்டிக் வாளியின் மேல் உட்கார்ந்திருந்தான். ஏரியில் மீன் எங்கே மாட்டுகிறது என்று கேட்பது மரியாதைக் குறைவு. கேட்டவனுக்கு உண்மையைச் சொல்வது அதைவிடக் கேவலம். லைல் மரியாதை தெரிந்தவன். ஆர்வில் இங்கே இருப்பதே இப்போதுதான் தெரியும் என்றான். குடிலைக் காற்று தள்ளிக்கொண்டு வந்துவிட்டது என்றான். எல்லாக் குடிலையுமா என்று வெண்டெல் கேட்டதற்கு, பெரிய காற்று என்றான்.

வெண்டெல் கிளம்பத் திரும்பினார். ட்ரூடி திரும்பவில்லை. பஸ் கண்ணாடியில் பார்ப்பது போலத் தலையைச் சாய்த்து லைலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்ப்பா லைல், திங்கக்கிழமை பல் டாக்டர் வால்டோ சாவுக்குச் சர்ச்சுக்கு வந்தியே. ஐஸ் டிரில்லைத் தோள்ல போட்டுக்கிட்டு ஏன் வந்தே?"

லைல் தொண்டையைச் செருமினான். மரியாதைக்காக என்றான். டாக்டர் அவனுக்குப் பழைய மீன்பிடி சிநேகிதர் என்றான்.

"வால்டோவா? அந்த மனுஷன் வாய் கொப்புளிக்கிற தண்ணியைப் பார்த்தாலே ரெண்டடி தள்ளி நிப்பாரு."

லைலின் காது சிவந்தது.

வண்டிக்குள் ஏறிய பிறகும் வெண்டெல் சாவியைத் திருப்பவில்லை. ஆர்வில் போகிற இடமெல்லாம் லைல் போகிறான், லைல் பின்னால் மற்றவர்கள் போகிறார்கள். திங்கட்கிழமை ஆர்வில் ஏரியில் இருந்தார். லைலோ டிரில்லைத் தூக்கிக்கொண்டு சர்ச் வாசலில் நின்றான். அப்படியென்றால் ஆர்வில் சர்ச்சில் இருப்பதாக ஏதோ ஒன்று அவனுக்குச் சொல்லியிருக்கிறது. ஆர்வில் அங்கே இல்லை. அவர் கூடவே தினமும் ஏரிக்கு வருகிற ஒன்று, அன்றைக்கு மட்டும் சர்ச்சுக்குப் போயிருக்கிறது.

"ஆவியா பாஸ்?" என்றாள் ட்ரூடி.

"ஆவி பறக்கிற ஒண்ணு."

இறங்கிப் போய் ஆர்விலிடம், திங்கட்கிழமை மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். ஆர்வில் முகத்தைச் சுளித்தார். காகிதப் பையில் முட்டை சாண்ட்விச். பாத்திரத்தை மார்லிஸ் சாவு வீட்டுச் சாப்பாட்டுக்குச் சர்ச்சுக்குக் கொண்டுபோய்விட்டாள், அதனால்தான்.

மார்லிஸ் ஹெம்ஸ்டாட் வீட்டுச் சமையலறையில் காப்பியும் எலுமிச்சைக் கேக் துண்டுகளும் வந்தன. முதல் தடவை கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், இரண்டாம் தடவையும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், மூன்றாம் தடவை எடுத்துக்கொள்ள வேண்டும். ட்ரூடி முதல் தடவையே இரண்டு எடுத்தாள். மார்லிஸ் பார்க்காதது போல் இருந்தார். வெண்டெல் மூன்று தடவையும் வேண்டாம் என்றார், சர்க்கரை.

கோழிப் படம் போட்ட துணி உறையைப் பற்றிக் கேட்டதும் மார்லிஸ் முகம் மலர்ந்தது. சர்ச் சமையல் குழுவில் பாத்திரம் தொலைவதுதான் பெரிய தலைவலி. சாவுக்குப் போன பாத்திரம் திரும்பி வராது. அடியில் டேப் ஒட்டிப் பேர் எழுதினாலும் பாத்திரம் கழுவும்போது பேர் போய்விடுகிறது. அவருடைய பழைய பாத்திரம் ஒன்று போதகர் வீட்டு ஷெட்டில் ஆணி போட்டுவைக்கிற தட்டாக இருந்தது, மூன்று வருஷம். போதகரிடம் எப்படிக் கேட்பது. அதனால் இந்த வருஷம் குழுவில் எல்லாரும் சாவி தேடுகிற டிராக்கர் வில்லை வாங்கி, ஆளுக்கு ஒன்றாக உறையின் ஓரத்தில் வைத்துத் தைத்துவிட்டார்கள். யார் பாத்திரம் யார் வீட்டில் இருக்கிறது என்று எல்லார் போனிலும் ஒரே வரைபடத்தில் தெரியும். ஒருத்தரையும் கேட்க வேண்டாம், ஒருத்தர் மனமும் நோகாது.

போனைக் கொண்டுவந்து காட்டினார். ஊர் முழுக்கப் புள்ளிகள். ஏரியின் நடுவே ஒரு புள்ளி, 'மார்லிஸ், பெரிய பாத்திரம்' என்றது.

"இதை யார் யார் பார்க்கலாம்?"

"எங்க குழுவுல இருக்கிறவங்கதான். எல்லாம் பொம்பளைங்க." மார்லிஸ் காப்பிக் கெட்டிலைக் கீழே வைத்தார். "லைல் ஒருத்தர் மட்டும் ஆம்பளை. பாத்திரம் கழுவித் தருவாரு. ரொம்ப நல்ல மாதிரி. முதல் ஆளா வந்து சேர்ந்தாரு."

கேஸ் அங்கேயே முடிந்துவிட்டது. வெண்டெல் போனைத் திருப்பிக் கொடுக்கப் போனார். அப்போதுதான் ட்ரூடி கொஞ்ச நேரமாக ஒன்றுமே பேசவில்லை என்பது அவருக்கு உறைத்தது. கேக்கைக்கூட மெல்லாமல் வைத்திருந்தாள். வெண்டெல் போனை மறுபடி கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். இந்தத் தெரு, இந்த வீடு, இந்தச் சமையலறை. அதற்கு நேர் மேலே ஒரு புள்ளி.

'ட்ரூடி, கிழட்டுத் தொப்பி.'

வெண்டெல் தலையிலிருந்து தொப்பியைக் கழற்றினார். காது மூடும் மடலை விரலால் நெருடினார். உள்ளே காசு மாதிரி வட்டமாக, கெட்டியாக ஒன்று இருந்தது.

"பாஸ்," என்றாள் ட்ரூடி. குரலில் கிண்டல் இல்லை. "நானும் அந்தக் குழுவுலதான் இருக்கேன். போன வருஷம் நீங்க மயங்கி விழுந்தப்ப எந்தக் கடையில கிடக்கீங்கன்னு தெரியாம ஊரெல்லாம் வண்டியில சுத்தினேன். இன்னொரு தடவை சுத்த எனக்குத் தெம்பு இல்ல."

அவர் வாய் திறப்பதற்குள் மார்லிஸ், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு பேசினார். "நாங்க யாரும் தப்பா எடுத்துக்கல வெண்டெல். செவ்வாயும் வியாழனும்தானே நார்மா கடைக்குப் போறீங்க. அப்புறம் ஞாயித்துக்கிழமை, பிரசங்க நேரத்துல."

ஊர் வாசல்களையெல்லாம் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்த மனிதர். அவர் எத்தனை கரண்டி ஆப்பிள் பை தின்றார் என்பது ஒரு சமையல் குழுவுக்கே தெரிந்திருந்தது. பையில் அலுமினியத் தாளுக்குள் பாங்க் கார்டு பத்திரமாக இருந்தது. வெண்டெல் தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொண்டார். கேக் தட்டைத் தம் பக்கம் இழுத்து ஒன்று எடுத்துத் தின்றார். ட்ரூடி தடுக்கவில்லை.

பிறகு ஆர்விலைச் சுற்றி நிற்கிற குடில்களைப் பற்றி மார்லிஸிடம் சொன்னார். மார்லிஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பாத்திரத்தைத்தான் பார்ப்பாராம், பாத்திரம் கூட மனுஷனும் போகிறார் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. ஏப்ரன் நுனியை முறுக்கினார். அவிழ்த்தார். மறுபடி முறுக்கினார்.

"சனிக்கிழமைக்குள்ள அவனுங்களை அங்கேர்ந்து விரட்டிடுங்க. எவனும் உள்ள பார்க்கக் கூடாது." குரலைத் தாழ்த்தினார். "அந்தக் குடிலுக்குள்ள ஐஸ்ல ஓட்டையே கிடையாது."

ட்ரூடிக்குப் புரையேறியது. வெண்டெல் அசையவில்லை.

"டிரில் மூடியை நானும் பார்த்தேன்," என்றார் அவர். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மார்லிஸ் சொன்னார். ஓட்டையிலிருந்து இழுத்துப் போட்ட மீன் ஐஸில் கிடந்து துள்ளும், துள்ளின வாக்கிலேயே வளைந்து விறைத்துப்போகும். ஊரில் எல்லார் வீட்டுக்காரரும் கொண்டுவருகிற மீன் அப்படித்தான் இருக்கும். ஆர்வில் கொண்டுவருவது எல்லாம் பென்சில் மாதிரி நேராக இருக்கும், பெட்டியில் அடுக்கின கடை மீன். கையில் மீன் நாற்றமும் இருக்காது. வெந்நீரில் போடுகிற லாவண்டர் உப்பு வாசனைதான் வரும். கல்யாணமான முதல் குளிர்காலமே தெரிந்துவிட்டது.

"அப்ப உள்ள என்னதான் பண்றாரு?" என்றாள் ட்ரூடி.

"கேட்டதில்ல. கேட்டா சொல்லிடுவாரு. சொல்லிட்டா அப்புறம் அவருக்குன்னு என்ன இருக்கு?" மார்லிஸ் எழுந்து கெட்டிலை எடுத்தார். "எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க. அவர் ஏரிக்குப் போனப்புறம் இந்த வீட்டுல நான் என்ன பண்றேன்னு அவரும் கேட்டதில்ல."

சாயங்காலம் பாத்திரம் வீடு திரும்பியதும் மார்லிஸே தையலைப் பிரித்து வில்லையை எடுத்து வெண்டெல் கையில் வைத்தார். ட்ரூடி ஏரியில் போட்டுவிடலாம் என்றாள். வெண்டெல் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பனி தள்ளுகிறவனுக்குப் பனியை அழிக்கத் தெரியாது. எங்கே ஒதுக்குவது என்பதுதான் தெரியும்.

சனிக்கிழமை காலை ட்ரூடி ஒரு பெட்டி டோனட்டோடு லைலிடம் போய், சண்டை வேண்டாம் என்று சமாதானம் பேசினாள். லைல் வாளியிலிருந்து எழுந்து டோனட்டைப் பொறுக்கி எடுக்கிற நேரத்தில் வெண்டெல் குனிந்து பூட்ஸ் கயிறு கட்டினார். அவர் நிமிர்ந்தபோது வில்லை வாளிக்குள் மேல்பக்கமாக டேப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. விடியும்போதே ஆர்வில் குடிலைத் தெற்குக் கோடியில் பாறை மறைவுக்கு இழுத்துப் போயிருந்தார்.

லைல் வாளியில் உட்கார்ந்து போனைப் பார்த்தான். இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான். புள்ளி அவன் மேலேயே இருந்தது. இத்தனை பக்கத்தில் ஆர்வில் இருந்ததே இல்லை. அவசரமாக ஒரு ஓட்டை போட்டான். ஒன்றும் இல்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு வடக்கே நடந்தான். பார்த்தால் புள்ளியும் வடக்கே வந்திருந்தது. அவன் நகர்ந்ததும் மற்ற குடில்கள் கயிறு கட்டிப் பின்னாலேயே கிளம்பின. அவன் ஓட்டை போட்ட இடத்தில் எல்லாரும் ஓட்டை போட்டார்கள். அவன் ஓடினான், புள்ளி ஓடியது. திடீரென்று நின்றான், புள்ளியும் நின்றது. மத்தியானத்துக்குள் ஏரியின் வடபாதி சல்லடை ஆகிவிட்டது. போட்டி நடத்துகிறவர்கள் ஓட்டைகளுக்குப் பயந்து மேடையைக் கரைக்கு மாற்றினார்கள்.

கடைசியில் லைல் மண்டியிட்டு ஐஸில் காதை வைத்தான். "ஆர்வில்?" என்று மெல்லக் கூப்பிட்டான்.

ட்ரூடி பக்கத்தில் போய் என்ன சமாச்சாரம் என்று விசாரித்தாள். லைல் முகம் வெளுத்திருந்தது. "அவரு எனக்குக் கீழ இருக்காரு," என்றான். ட்ரூடி அனுதாபமாகத் தலையாட்டி, காது ஒட்டிக்கொள்ளப் போகிறது எழுந்திரு என்றாள்.

வெண்டெல் அதுவரைக்கும்தான் வண்டியிலிருந்து பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி, சீட்டின் மேல் ஆள் உட்கார்ந்திருப்பது போல நிமிர்த்தி வைத்தார். கதவைச் சத்தம் வராமல் சாத்தினார். வெறுந்தலையோடு, காது இரண்டும் கத்தி வைத்து அறுப்பது போல் எரிய, தெற்கே நடந்தார்.

பாறை மறைவில் ஒரே ஒரு குடில். சுற்றிலும் வெறும் பனி. கதவைத் தட்டினார். ஒரு கண் அகலத்துக்குத் திறந்தது.

"விரட்டியாச்சு," என்றார் வெண்டெல். "இனிமே வர மாட்டானுங்க."

எப்படி என்று ஆர்வில் கேட்கவில்லை. வெண்டெலின் நரைத்த தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "தொப்பி எங்கய்யா?"

"வண்டியில இருக்கு. நான்தான் அங்க இல்ல."

ஆர்வில் அதைக் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கதவை முழுதாகத் திறந்தார்.

உள்ளே தரைப்பலகை ஒரு கீறல் இல்லாமல் வழவழவென்று இருந்தது. நடுவில் அடுப்பு. அடுப்புக்கு முன்னால் ஒரு சாய்வு நாற்காலி, ஒரு தகரத் தொட்டி, தொட்டியில் லாவண்டர் வாசனையோடு வெந்நீர். வேறு எதுவும் இல்லை. புத்தகம் இல்லை, ரேடியோ இல்லை, தூண்டில்கூட இல்லை.

"உள்ள என்னய்யா பண்றே, இத்தனை வருஷமா?"

"ஒண்ணும் பண்ணல," என்றார் ஆர்வில். "அதை எவன்கிட்ட காட்டறது?"

சுவரோரம் கிடந்த விறகுப் பெட்டியைக் கவிழ்த்துத் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டார். வெண்டெல் பூட்ஸைக் கழற்றினார், இரண்டு ஜோடி காலுறையையும் கழற்றினார். தொட்டியில் நாலு காலுக்கு இடம் போதவில்லை. கொஞ்சம் நெருக்கி விட்டுக்கொண்டார்கள்.

வெகு தூரத்தில், வடக்கே, வண்டி ஹாரன் ஒரு தடவை அடித்தது. பிறகு ட்ரூடியின் குரல் ஐஸின் மேல் பாஸ், பாஸ் என்று மெலிதாக வந்தது. வெண்டெல் கால் விரல்களை வெந்நீருக்குள் ஒவ்வொன்றாக விரித்தார். ஆர்வில் பையிலிருந்து ஒரு புதினா மிட்டாயை எடுத்து அவரிடம் நீட்டினார்.